பேரேட்டில் இருந்த இரண்டு ஊர்கள்

கேள்வி: எங்கள் வளவு வீட்டின் மேல்மாடிப் பெட்டகத்தைச் சுத்தம் செய்தபோது, பாட்டையா காலத்துப் பேரேடு ஒன்று கிடைத்தது. அதில் பக்கத்துக்குப் பக்கம் ‘பினாங்கு’, ‘மோல்மேன்’ என்ற இரண்டு ஊர்ப் பெயர்களே வருகின்றன. அவை எப்படிப்பட்ட ஊர்கள் என்று பேரன் கேட்கிறான். சொல்ல முடியுமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: இரண்டுமே கோலாலம்பூர், ரங்கூன் போன்ற பெருநகரங்கள் அல்ல. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வாணிபமும் வட்டித்தொழிலும் செய்ய, போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கிட்டங்கி என்னும் தொழிற்கூடம் போட்டு அமர்ந்த நடுத்தர அளவுள்ள துறைமுகப் பட்டினங்கள்.

பினாங்கு என்று பேரேட்டில் இருப்பது பெரும்பாலும் மலேசியாவின் ஜார்ஜ் டவுனைத்தான் குறிக்கும். 1786-இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஏற்படுத்திய இந்நகரை, 2008-இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறச் செய்தது. அங்கே பினாங்கு வீதியில் நம்மவர்களின் கோயில் வீடு இன்றும் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் அதிகாலையில் அங்கிருந்துதான் முருகன் வெள்ளி ரதத்தில் புறப்பட்டு, தண்ணீர்மலை தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகிறார். 1894-இல் இங்கிருந்து கப்பலேறிப் போன அந்த ரதத்துக்காக வழியெங்கும் தேங்காய்கள் மலையாகக் குவிக்கப்படுகின்றன. சீனக் குடும்பங்களும் குனிந்து வணங்கிச் சிதறுகாய் போடுகின்றன. சில்லுகளை வாரித் தள்ளிவிட்டுத்தான் ரதத்துக்கு வழிவிட வேண்டியிருக்கும் என்பதை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கபித்தான் கெலிங் பள்ளிவாசலும், தமிழ் முஸ்லிம்கள் காவடித் தடியில் சுமந்து விற்று வளர்த்த ‘நாசி கண்டார்’ சோறும் அதே சுற்றுவட்டத்தில்தான். (குழம்புகளைக் கலந்து ஊற்றுவதை அங்கே ‘பஞ்சிர்’, அதாவது வெள்ளம், என்கிறார்கள், நம் சாப்பாட்டு ஒழுங்குக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.)

மோல்மேன் வேறு மாதிரியான ஊர். இன்றைய மியான்மரில் மாவ்லமியைன் என்று அழைக்கப்படும் அது, மோன் மாநிலத்தின் தலைநகரம். தான்லுவின் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்தது. முதலாம் ஆங்கில–பர்மியப் போருக்குப் பின், 1827 முதல் 1852 வரை பிரிட்டிஷ் பர்மாவின் தலைநகராகவே இருந்தது. பிரிட்டிஷ் படையோடு போன நகரத்தார் பர்மாவில் முதலில் கால்வைத்த துறை அதுவே என்று சொல்லப்படுகிறது. பின்னால் ரங்கூன் முந்திக்கொள்ள, இவ்வூர் தேக்கோடும் அரிசியோடும் நின்றுவிட்டது. ஆற்றில் மிதந்து வந்த தேக்கு மரங்கள் இங்கேதான் அறுபட்டுக் கப்பலேறின. குன்றின்மேல் நிற்கும் கியாய்க்தன்லான் பகோடாவிலிருந்து பார்த்தால் ஆறும், எதிரே பிலு தீவும் ஒரே பார்வையில் தெரியும்.

பினாங்கில் தொடர்ச்சி அறுபடவில்லை, மோல்மேனில் அறுந்தது. 1930-களின் விலை வீழ்ச்சியில் கடன்பட்ட உழவர்களின் நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்து, அதனாலேயே பகையும் வளர்ந்தது. 1942 ஜனவரி இறுதியில் ஜப்பானியர் ஊரைப் பிடிப்பதற்கு முன்பே பலர் கணக்குப் புத்தகங்களோடு ஊர் திரும்பினர். பர்மா விடுதலைக்குப் பின் நிலங்கள் அரசுடைமையாயின. தங்கள் பேரேட்டில் மோல்மேன் பற்று வரவு அந்த ஆண்டுகளில் நின்றுபோயிருந்தால் காரணம் இதுவாகவே இருக்கலாம். அங்கே வசூலாகாமல் போனதற்கு ஈடாக இல்லாவிட்டாலும், இங்கே வந்து சேர்ந்தவை சில உண்டு. தங்கள் வீட்டு முகப்புத் தூண்கள் பர்மாத் தேக்காக இருக்கக்கூடும். அலமாரியில் அரக்குப் பூசிய மரவை (பாத்திரம்) ஒன்றேனும் இருக்கும். விசேஷ வீடுகளில் பரிமாறும் கவுனி அரிசியும் (கறுப்பு ஒட்டரிசி) பர்மாவிலிருந்து வந்ததென்றே நம் ஆச்சிமார் சொல்கிறார்கள். பர்மிய மொழியில் ஒட்டரிசிக்குக் ‘கௌஞின்’ என்று பெயர். நம் சொல் அதிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பேரனை அந்தத் தூணருகே நிறுத்தி, கையில் மரவையைக் கொடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு ஊர்களையும் பார்க்கப் போனால் எதை முதலில் பார்க்கலாம்?
– அதே வாசகி

பதில்: பினாங்கைத்தான். 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதிலிருந்து மியான்மரில் சண்டை நடக்கிறது. சிறு பிள்ளையோடு மோல்மேன் போகும் காலம் இதுவன்று. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து பினாங்குக்கு விமானம் இருந்தாலும், ரயிலில் பட்டர்வொர்த் போய் இறங்கிப் படகேறுங்கள். 1985-இல் பாலம் வரும்வரை எல்லோரும் அப்படித்தான் கடந்தார்கள். கால் மணி நேரத்தில் கரை சேர்ந்துவிடலாம்; படகுத்துறையிலிருந்து பினாங்கு வீதிக்கு நடந்தே போகலாம். தைப்பூசத்தை ஒட்டிப் போவதானால் தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.