ஸ்டீவன்ஸின் 1835 பேச்சு: தேட வேண்டிய இடம் வேறு

அமெரிக்க அரசியல்வாதி தாடியஸ் ஸ்டீவன்ஸ் இலவசப் பள்ளிகளை ஆதரித்து 1835இல் ஆற்றிய பேச்சை, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பதிவுகளில் தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அங்கே கிடைக்காது. அவர் காங்கிரஸுக்குப் போனதே 1849இல்தான். 1835இல் அவர் கெட்டிஸ்பர்க் வக்கீல், பென்சில்வேனியா மாநிலக் கீழவை உறுப்பினர். மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்க்கில் அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த பத்திரிகைகளில் தேடுங்கள். 1834இல் வந்த இலவசப் பள்ளிச் சட்டத்தை ரத்து செய்ய மேலவை ஏற்கெனவே வாக்களித்திருந்தது; கீழவையில் அதைக் காப்பாற்றியதில் இந்தப் பேச்சுக்குப் பெரும் பங்கு உண்டு.

நீங்கள் எழுதும் கட்டுரையில் 1838ஐ மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மாநில அரசியல் சாசன மாநாட்டில் உறுப்பினராக இருந்தும், கறுப்பின ஆண்களின் வாக்குரிமையைப் பறித்த அந்தச் சாசனத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே அந்த இடத்தில்தான்.