கஞ்சாப் புகையும் நுரையீரலும்: நெஞ்சு நோய் மருத்துவரிடம் கேள்வி பதில்

கொட்டாஞ்சேனை வாசகர்: டொக்டர், இது வெறும் இலைதானே. சிகரெட் அளவுக்குக் கெடுதல் வருமா?

எந்த இலையை எரித்தாலும் புகை புகைதான். தார், கார்பன் மொனொக்சைட், அமோனியா எல்லாம் இதிலும் உண்டு. இழுக்கிற விதம்தான் எனக்குப் பெரிய கவலை. ஆழமாக இழுத்து, மூச்சை அடக்கி வைத்து, பிறகுதான் விடுகிறார்கள். சிகரெட், கஞ்சா இரண்டையும் குடித்துப் பழகிய 15 ஆண்களை 1988-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். சிகரெட்டோடு ஒப்பிட்டால் கஞ்சாவில் உள்ளே போன தார் ஏறக்குறைய மூன்று மடங்கு, இரத்தத்தில் ஏறிய கார்பன் மொனொக்சைட் ஏறக்குறைய ஐந்து மடங்கு. தயவுசெய்து புகையை அடக்கி வைக்காதீர்கள். அதனால் போதை பெரிதாக அதிகரிக்காது, தார்தான் படியும்.

வெள்ளவத்தை வாசகர்: இழுத்தால் மூச்சு முட்டு குறைகிறது என்கிறான் நண்பன்.

கஞ்சாவில் போதை தருகிற டி.எச்.சி. மூச்சுக் குழாயைக் கொஞ்ச நேரம் விரிக்கும், உண்மை. அதே குழாயைப் புகை புண்ணாக்கும். முட்டுக்கு இன்ஹேலர் இருக்கிறது.

தெமட்டகொடை வாசகர்: தண்ணீர்க் குடுவை வழியாக இழுத்தால்?

புகை குளிரும். அவ்வளவுதான். அடக்கி வைக்காதீர்கள் என்பது இதற்கும் சேர்த்துத்தான்.

மருதானை வாசகர்: ஆயுர்வேத மருந்தில் கஞ்சா சேர்க்கிறார்களே?

லேகியம் நுரையீரலுக்குள் போவதில்லை. மற்றதை ஆயுர்வேத வைத்தியரிடம் கேளுங்கள்.

தெஹிவளை வாசகர்: புற்றுநோய்த் தொடர்பு இல்லை என்று அமெரிக்க ஆய்வே சொல்லிவிட்டது. ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

இதே கேள்வி பல பேரிடமிருந்து வந்திருப்பதால் ஒரே தடவையில் சொல்கிறேன். லொஸ் ஏஞ்சலிஸில் செய்து 2006-இல் வெளியான பெரிய ஆய்வில் அந்தத் தொடர்பு தெரியவில்லை, சரி. ஆனால் நீங்கள் சிகரெட் தூளைக் கலந்து சுருட்டினால் அந்த ஆறுதல் உங்களுக்கு இல்லை. புகையிலையின் புற்றுநோய் அபாயம் அப்படியே வந்து சேரும். அப்புறம், நுரையீரல் கெடுவதற்குப் புற்றுநோய் மட்டுமா வழி? 2017-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, நீண்டகாலம் கஞ்சா புகைப்பவர்களுக்கு இருமல், சளி, மூச்சுக்குழாய் அழற்சி கூடுதல் என்பதற்கு வலுவான சான்று இருந்தது. குழாய்க்குள் கெமரா விட்டுப் பார்த்தால் சுவர் சிவந்து வீங்கியிருக்கும். சளியை மேலே தள்ளுகிற நுண்ணிய மயிர்கள் உதிர்ந்து, அந்த இடத்தில் சளி சுரக்கும் செல்கள் பெருகியிருக்கும். தள்ள ஆளில்லாத சளியை இருமித்தான் வெளியேற்ற வேண்டும். காலையில் எழுந்ததும் வருகிற இருமல் அதுதான். விட்டுவிட்டால் பலருக்கு இது குறைகிறது, அதையும் அதே அறிக்கை சொல்கிறது.

தெஹிவளை வாசகர் மறுபடியும்: எனக்கு இருமலே இல்லையே?

நல்லது. நிறுத்த இதுதான் சரியான நேரம்.

கிராண்ட்பாஸ் வாசகர்: பொலிஸில் பிடிபட்டால் என்ன தண்டனை?

சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

வத்தளையிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு ஒரு மாதமாக இருமல். நேற்றுச் சளியில் இரத்தம். நண்பர்களோடு கஞ்சா குடிக்கிறான்.

அம்மா, இன்றைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நெஞ்சு நோய்களுக்கான வெலிசறை ஆஸ்பத்திரி உங்களுக்குக் கிட்ட. இரண்டு வாரம் தாண்டிய இருமல் எதுவானாலும் காசநோய்க்குச் சளி பார்க்க வேண்டும். மூடிய அறையில் ஒரே சுருளைக் கைமாற்றிக் குடிப்பவர்களிடையே அது பரவிய சம்பவங்கள் உண்டு. கஞ்சா குடிப்பதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். கூடக் குடித்த நண்பர்களின் பெயர்களையும் கேட்டு வையுங்கள், அவர்களுக்கும் பரிசோதனை தேவைப்படலாம்.