ஜேரட் ஆலனை விட்டது சரியா?

மதிப்பிற்குரிய ஐயா,

கூடைப்பந்து பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சென்ற கட்டுரையில், அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஆடும் புரூக்ளின் நெட்ஸ், 2021இல் ஜேரட் ஆலனை விட்டுவிட்டு டிஆண்ட்ரே ஜோர்டனை, அதாவது தவறான சென்டரை (கூடையடியில் நிற்கும் உயரமான ஆட்டக்காரரை), வைத்துக்கொண்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கெவின் டுரான்ட், கைரி இர்விங், ஜேம்ஸ் ஹார்டன் மூவரும் ஆடும் அணியில் சென்டர் யாராக இருந்தால் என்ன? புள்ளி எடுக்க ஆளா இல்லை? ஜேரட் ஆலனைக் கொடுத்ததால்தான் ஹூஸ்டனிடமிருந்து ஹார்டன் கிடைத்தார். டிஆண்ட்ரே ஜோர்டன் மூத்தவர், டுரான்டுக்கும் இர்விங்குக்கும் நெருங்கிய நண்பர். பெரிய ஆட்டக்காரர்களின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதும் நிர்வாகத்தின் வேலைதானே? அந்த ஆண்டு பிளேஆஃபில் (பருவ இறுதியில் நடக்கும் வெளியேற்றச் சுற்றில்) மில்வாக்கியிடம் தோற்றதற்குக் காரணம் காயங்கள். கடைசி ஆட்டத்தில் டுரான்டின் ஷூ நுனி மட்டும் மூன்று புள்ளிக் கோட்டை மிதிக்காமல் இருந்திருந்தால், அந்த எறிவுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி கிடைத்து, இன்று இந்தப் பேச்சே இருக்காது. நீங்களாக இருந்தால் ஹார்டனே வேண்டாம் என்றிருப்பீர்களா?

அன்புடன்,
ச., ஈரோடு

*

அன்புள்ள ச.,

காயங்களைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. மில்வாக்கிக்கு எதிரான தொடரில் முதல் ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே ஹார்டனின் தொடைத்தசை பிடித்துக்கொண்டது. நான்காவது ஆட்டத்தில் இர்விங்கின் கணுக்கால் போயிற்று. ஏழாவது ஆட்டத்தில் டுரான்ட் தனியாளாக 48 புள்ளிகள் எடுத்தும், கூடுதல் நேரத்தில் 115-111 என்று தோற்றார்கள். 2022 பிப்ரவரியில் ஹார்டன் பிலடெல்பியா போகும்வரை, பிளேஆஃபையும் சேர்த்து மூவரும் ஒன்றாக ஆடியது மொத்தம் 16 ஆட்டங்கள்தான். அதனால் அந்தத் தோல்வியை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. ஜெயித்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். முடிவெடுத்த அன்று, 2021 ஜனவரியில், நெட்ஸ் நிர்வாகத்துக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் கேள்வி.

புள்ளி எடுக்க ஆள் இருக்கும்போது சென்டர் யாராக இருந்தால் என்ன என்கிறீர்கள். நான் இதை நேர் எதிராகப் பார்க்கிறேன். மூன்று பேர் பந்தைக் கையில் வைத்து ஆடும் அணியில், பந்து இல்லாமல் செய்யவேண்டிய வேலை எல்லாம் மீதி இரண்டு பேர் தலையில் விழுகிறது. ஸ்கிரீன் போடவேண்டும் (எதிராளியின் வழியை உடம்பால் மறிப்பது), கூடையை நோக்கி ஓடவேண்டும், தவறிய பந்தைப் பிடிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் நிற்பவரைத் தாண்டி எதிரணிக்காரன் உள்ளே வந்துவிட்டால் கூடையடியில் அவனைத் தடுக்க ஒருவன் இருக்கவேண்டும். அந்தப் பருவத்தில் நெட்ஸின் தாக்குதல், நூறு பொசஷனுக்கு (பந்து நூறு முறை கைக்கு வந்தால்) இத்தனை புள்ளி என்ற கணக்கில், அதுவரை என்பிஏ கண்டவற்றிலேயே உச்சம். தடுப்பாட்டத்திலோ பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்தார்கள். எது குறை என்பது வெட்டவெளிச்சம். அந்தக் குறையை அடைக்கக்கூடிய 22 வயதுப் பையன் அணியிலேயே இருந்தான், அவனைத்தான் கொடுத்தார்கள்.

ஆலன் எப்படி வந்தவர் என்பதையும் சொல்லவேண்டும். 2013இல் கெவின் கார்னெட்டுக்காகவும் பால் பியர்ஸுக்காகவும் தன் டிராஃப்ட் உரிமைகளை (புதிய ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமைகளை) பாஸ்டனிடம் வாரிக் கொடுத்த அணி இது. அதன்பின் நான்கைந்து ஆண்டுகள் வெறுங்கையோடு நின்றது. போயான் போக்டனோவிச்சை வாஷிங்டனுக்கு அனுப்பிப் பெற்ற உரிமையில், 2017இல் 22ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் ஆலன். டங்க் அடிக்க (மேலெழும்பிப் பந்தைக் கூடைக்குள் திணிக்க) எழும்புகிற பெரிய பெயர்களைக் கண்டால் மற்ற சென்டர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், தொலைக்காட்சியில் அவமானப்பட வேண்டாமே என்று. இவர் ஒவ்வொரு முறையும் எழும்புவார். லெப்ரான் ஜேம்ஸ், யானிஸ் அன்டெடோகவுன்போ, ஏன் ஹார்டனையே கூட, கூடை விளிம்பில் வைத்து மறித்திருக்கிறார். எனக்கு அந்தத் துணிச்சல் ரொம்பப் பிடிக்கும்.

ஜோர்டனைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கிளிப்பர்ஸ் காலத்தில் 2014, 2015 என அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் ரீபவுண்டில் (தவறிய பந்தைப் பிடிப்பதில்) முதலிடம். 2016இல் லீக்கின் சிறந்த ஐவராகத் தேர்வானவர்களில் ஒருவர். ஆனால் நெட்ஸுக்கு வந்த 2019 கோடையில் அந்தக் கால்கள் இல்லை. டுரான்ட், இர்விங்கோடு சேர்த்து, நான்கு ஆண்டுக்குச் சுமார் 40 மில்லியன் டாலர் ஒப்பந்தம். மறு ஆண்டு மார்ச்சில் பயிற்சியாளர் கென்னி அட்கின்சன் விலகினார். அவர் போனபின் நடந்த முதல் ஆட்டத்திலேயே ஆலன் பெஞ்சுக்குப் போக, ஜோர்டன் தொடக்க ஐவருக்கு வந்தார். சென்டர் யார் என்ற தேர்வு ஹார்டனுக்காக நடந்தது அல்ல, அதற்கு முன்பே நடந்துவிட்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

நண்பர் என்ற வாதத்துக்கு வருகிறேன். நட்சத்திரங்களின் விருப்பத்துக்கு மதிப்பு உண்டு. அவர்கள் வராவிட்டால் அணியே இல்லை. ஆனால் 2021 பிளேஆஃபில் ஜோர்டன் எத்தனை நிமிடம் ஆடினார் தெரியுமா? ஒரு நிமிடம்கூட இல்லை. மில்வாக்கித் தொடரில் சென்டராகத் தொடங்கியவர், மார்ச்சில் டெட்ராய்ட்டிலிருந்து விடுபட்டு வந்த பிளேக் கிரிஃபின். அவர் உயிரைக் கொடுத்து ஆடினார், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அவர் சென்டர் அல்ல. அவரோடு அதே மாதம் சேர்ந்த லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ், இதயத்துடிப்புக் கோளாறால் ஏப்ரலிலேயே ஓய்வு அறிவித்துவிட்டார். ஏழாவது ஆட்டத்தில் மில்வாக்கியின் யானிஸ் 40 புள்ளிகள் எடுத்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜோர்டனை எழுப்பப் பயிற்சியாளர் ஸ்டீவ் நாஷுக்குத் தோன்றவில்லை. தோன்றாதது சரிதான். எந்த நாளுக்காக ஒரு சென்டரை வைத்துக்கொள்கிறோமோ அந்த நாளில் அவரை இறக்க முடியவில்லை என்றால், அவரை வைத்துக்கொண்டது எதற்கு? செப்டம்பரில் நான்கு இரண்டாம் சுற்று உரிமைகளையும் பணத்தையும் சேர்த்துக் கொடுத்து அவரை டெட்ராய்ட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆலன் தரப்பிலும் சிக்கல் இருந்தது. நாஷின் தடுப்பாட்டம், ஆள் மாறி ஆள் பிடிப்பது. ஆலன் கூடையடியில் நின்றால்தான் அவர் பலம் முழுதும் தெரியும். ஆனால் அந்த ஆட்டத்துக்கு ஜோர்டன் அவரைவிடவும் பொருத்தமில்லாதவர். பிறகு சம்பளம். ஆலனின் முதல் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிந்தது, கிளீவ்லாண்ட் ஐந்து ஆண்டுக்கு 100 மில்லியன் கொடுத்தது. ஆடம்பர வரியோடு (சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி லீக்குக்குக் கட்டுவது) நெட்ஸ் அதைக் கட்டியிருந்தால் பெரும் செலவுதான். சாம்பியன் பட்டத்துக்காக எதையும் செய்வோம் என்று கிளம்பிய அணி கணக்குப் பார்க்கவேண்டிய இடம் அதுவல்ல என்பது என் எண்ணம். அடுத்த பிப்ரவரியில் காயத்தால் ஹார்டன், லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு வரமுடியாதபோது, அவருக்குப் பதிலாக லீக் சேர்த்தது ஆலனை.

இனி நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. ஹார்டனை வேண்டாம் என்றிருக்கமாட்டேன். ஆனால் ஆலனைக் கொடுத்தால்தான் ஹார்டன் என்பதை அப்படியே ஏற்கமுடியவில்லை. ஹூஸ்டன் ஆலனை வைத்துக்கொள்ளவே இல்லையே! அவர் நேராகக் கிளீவ்லாண்ட் போனார். அங்கிருந்து ஹூஸ்டனுக்கு வந்தது மில்வாக்கியின் 2022 முதல் சுற்று உரிமை. நன்றாக ஆடிய அணிக்கு டிராஃப்டில் முறை கடைசியில்தான் வரும். மில்வாக்கி அப்போது வலுவான அணி, ஆகவே அந்த உரிமை முதல் சுற்றின் கடைசியில்தான் விழும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆலனின் விலை அவ்வளவுதான். (மார்ச்சில் ஹூஸ்டன் அதே உரிமையை, பி.ஜே. டக்கரோடு சேர்த்து மில்வாக்கிக்கே திருப்பிக் கொடுத்தது. அந்தத் தொடர் முழுக்க டுரான்டின் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நின்றவர் அதே டக்கர்.) இரு பக்கமும் கைமாறும் ஆட்டக்காரர்களின் சம்பளக் கணக்கைச் சரிக்கட்ட, காயத்தில் இருந்த ஸ்பென்சர் டின்விடி இருந்தார், ஜோர்டனே இருந்தார். முதலில் அந்த வழிகளைக் கடைசிவரை முயன்றிருப்பேன்.

ஹூஸ்டன் அதற்கு மசியாமல் ஆலன் போகத்தான் வேண்டும் என்றாகியிருந்தால், ஜோர்டனின் நிமிடங்களை நிக்கலஸ் கிளாக்ஸ்டனுக்குக் கொடுத்திருப்பேன். 2019இல் 31ஆவது ஆளாக நெட்ஸே எடுத்தவர், முழங்கால் தேறி அந்தப் பிப்ரவரியில்தான் களத்துக்குத் திரும்பியிருந்தார். நாஷ் விரும்பிய, ஆள் மாறிப் பிடிக்கும் ஆட்டத்துக்கு அளவெடுத்தாற்போன்ற உடல். இரண்டு பருவம் கழித்து ஆட்டத்துக்குச் சராசரி 2.5 பிளாக் (கூடைக்குப் போகும் பந்தைத் தட்டிவிடுவது) செய்தார். ஆனால் அந்தப் பருவத்தின் நடுவிலேயே டுரான்ட் ஃபீனிக்ஸுக்கும் இர்விங் டல்லாஸுக்கும் போய்விட்டிருந்தார்கள்.

அன்புடன்.