டெட் ஹார்ப்பர் தாவினாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் டிக்ஸி டீன் ஒரே சீசனில் 60 கோல் அடித்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்தக் காலத்துக் கணக்குகளைப் புரட்டினேன். டெட் ஹார்ப்பர் என்று ஒருவர் 1925-26இல் பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு 43 கோல் அடித்திருக்கிறார். அப்புறம் ஷெஃபீல்டு வெட்னஸ்டே, டாட்டன்ஹாம், பிரெஸ்டன் என்று கட்சி தாவுவதுபோலத் தாவியிருக்கிறார். இங்கிலாந்துக்கு ஆடியதோ ஒரே ஆட்டம். காசுக்கு அலைந்தவரா, இல்லை ஒரு சீசன் அதிர்ஷ்டக்காரரா?

கே., மதுரை

அன்புள்ள கே,

காசுக்கு அலைந்திருந்தாலும் கிடைத்திருக்காது. 1922இலிருந்து சீசனில் வாரம் 8 பவுண்டு, கோடையில் 6 பவுண்டு. அதற்கு மேல் எந்தக் கிளப்பும் கொடுக்கக் கூடாது. பலருக்கு அந்த உச்சவரம்பே எட்டவில்லை. வரம்பை எடுத்தது 1961இல்தான். ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில் இருக்கும். அவர்கள் விடாமல் லீகில் வேறு கிளப்புக்கு ஆட முடியாது. விற்றால் வரும் தொகை கிளப்புக்கு. அதனால் ‘தாவினார்’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். கைமாற்றினார்கள், அவ்வளவுதான்.

அதிர்ஷ்டம் என்கிறீர்களே, அதில் பாதி உண்மை. 1925 கோடையில் ஆஃப்சைடு விதியை மாற்றினார்கள். அதுவரை பந்து தரப்படும் நேரத்தில் முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும்; இல்லையென்றால் அவர் ஆஃப்சைடு. இனி இருவர் போதும். லீகின் உச்ச அடுக்கான முதல் டிவிஷனில் அதற்கு முந்தைய சீசனில் 1,192 கோல், அடுத்ததில் 1,703. தடுப்பாட்டக்காரர்கள் திகைத்து நின்ற அந்தச் செப்டம்பரில் நியூகாசிலுக்கே போய் பிளாக்பர்ன் 7-1 என்று ஜெயித்தது. அதில் 5 ஹார்ப்பர் அடித்தவை. தடுப்பாளர் முன்னேறி வந்து எதிரணி வீரரை ஆஃப்சைடில் சிக்கவைக்கும் பொறியைக் கலையாகவே வளர்த்து, விதியை மாற்றவைத்த பில் மெக்ராக்கன் பல ஆண்டு ஆடிய கிளப் அது. பழிக்குப் பழி என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் திகைப்பு நீடிக்கவில்லை. நடுக்கள ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது தடுப்பாளராக்கி எல்லோரும் சமாளித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் ஹார்ப்பர் 1930-31இல் டாட்டன்ஹாமுக்கு 36, 1932-33இல் பிரெஸ்டனுக்கு 37 அடித்தார். இரண்டும் இரண்டாவது டிவிஷன் என்பது சரிதான். ஆனால் பிளாக்பர்னின் 43, பிரெஸ்டனின் 37 இரண்டும் இன்றும் அந்தந்தக் கிளப்பின் ஒரே சீசன் லீக் கோல் சாதனைகள். டாட்டன்ஹாமின் கணக்கைத் தாண்ட 1962-63இல் ஜிம்மி கிரீவ்ஸ் வரவேண்டியிருந்தது, அதுவும் ஒரே ஒரு கோலில்.

ஒரே ஆட்டம் என்று கேட்டிருந்தீர்கள். 1926 ஏப்ரலில் ஓல்ட் டிராஃபோர்டில் ஸ்காட்லாந்திடம் 0-1 தோல்வி. அடுத்த பிப்ரவரியில் டீன் வந்து முதல் 5 ஆட்டத்தில் 12 கோல் அடித்துவிட்டார். ஹார்ப்பருக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. 1927 நவம்பரில் பிளாக்பர்ன் அவரை விற்றது. 1928 ஏப்ரலில் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 1929 மார்ச்சில் வெட்னஸ்டே விற்றது. சில வாரங்களில் லீக் சாம்பியன் ஆனது. 1933இல் பிளாக்பர்ன் அவரைத் திரும்ப வாங்கியபோது அவருக்கு வயது 32.