மூன்றாவது ஆண்டை விட்டுவிட்டு வராதீர்கள்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு ஏழரை வயது. மாண்டிசோரிப் பள்ளியில், 6 முதல் 9 வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் அறையில் இது இரண்டாவது ஆண்டு. அதே வயதுள்ள நாத்தனார் மகள் மெட்ரிக் பள்ளியில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கிறாள், மாதத் தேர்வு எழுதுகிறாள். உங்கள் மகளுக்குத் தேர்வும் இல்லை, ரேங்க் கார்டும் இல்லை. "இன்னும் குட்டிப் பிள்ளைங்களோட உட்கார்ந்து மணியை எண்ணிட்டு இருக்கா" என்று மாமியார் சொல்வது உங்களைக் குத்துகிறது. வரும் ஜூனில் மாற்றிவிடலாமா, இப்படிப் படித்தால் பின்னால் நீட், இன்ஜினீயரிங் எல்லாம் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றுவதாக இருந்தாலும் இந்த ஜூனில் வேண்டாம். அந்த அறையில் மூன்றாவது ஆண்டை முடிக்கட்டும். பள்ளி பெயருக்கு மட்டும் மாண்டிசோரியாக இருந்தால் இந்தப் பதில் மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மாமியார் சொன்ன அந்த மணி, அதாவது எண்ணக் கற்றுக்கொடுக்கும் பாசிமணி. ஒற்றை மணி என்றால் ஒன்று. கம்பியில் கோத்த பத்து மணி பத்து. அப்படிப் பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கட்டை ஆயிரம். ஒரு பள்ளியில் அறை மூலையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, ஆறு வயதுப் பையனுக்கு 2,748-ஐயும் 1,586-ஐயும் கூட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எட்டும் ஆறும் சேர்ந்து பதினான்கு மணி பாயில் கிடந்தது. "பத்து சேர்ந்தா வெச்சுக்கக் கூடாது. பேங்க்ல போய் மாத்திட்டு வா" என்றாள். பையன் பத்து மணியை எண்ணித் தட்டில் வைத்து, சிந்தாமல் நடந்துபோய், ஒரு கம்பியோடு திரும்பினான். நாம் தலைக்கு மேல் குட்டியாக எழுதி 'மீதி ஒன்று' என்று சொல்லிக் கடந்த விஷயத்தை அவன் கையில் தூக்கிக்கொண்டு நடந்தான்.

கடைசியில் அவள் விடையை வாசித்தாள்: 4,324. பையன் விடவில்லை. "நான் வாங்கிட்டு வந்த கம்பியை எங்க போட்ட?" அது தட்டிலேயே கிடந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கலைத்து மறுபடி எண்ணினாள். 4,334. ஆசிரியை நான்கடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், வாயைத் திறக்கவில்லை.

உங்கள் மகள் இரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாலும் அந்தப் பையன் இடத்தில் இருந்தவள். வரும் ஜூனில்தான் சிறுமியின் இடத்துக்கு வருகிறாள். அரைகுறையாகத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லப் போய், மாட்டிக்கொண்டு, சரிசெய்து, அப்படித்தான் பாடம் பிடிபடும். நீங்கள் மாற்ற நினைப்பது சரியாக அந்த இடத்தில்.

இதில் நானே தப்பு செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு வந்த ஒரு குடும்பத்துக்கு, "இரண்டாவது ஆண்டோடு மாற்றிவிடுங்கள், சின்ன வயதில் மாறினால் பழகிவிடும்" என்று சொன்னேன். பையனுக்குப் பாடம் தெரிந்தது, சில பாடங்களில் வகுப்பை விட அதிகமாகவே. ஆனால் கரும்பலகையைப் பார்த்து வேகமாக எழுத வரவில்லை. பிடித்த கணக்கில் உட்கார்ந்துவிட்டு மீதி ஐந்தைத் தொடாமல் தாளைக் கொடுத்துவிடுவான். டைரியில் 'ஸ்லோ' என்று எழுதி அனுப்பினார்கள். ஓராண்டு ஆயிற்று அவன் நிமிர. பாதி வேக்காட்டில் இறக்கிய இட்லி மாதிரி ஆக்கிவிட்டேனே என்று அந்த அம்மாவை எங்கே பார்த்தாலும் எனக்குச் சங்கடம்தான்.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். வயது கலந்த வகுப்பு வெளிநாட்டுப் புதுமை இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளைதான் சின்னவர்களுக்கு மணலில் எழுத்துப் போட்டுக் கொடுப்பான். 1790-களில் எழும்பூர் ஆதரவற்றோர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத்தான், பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் தன் முறையை வகுத்தார். 1797-இல் அதை லண்டனில் புத்தகமாக்கியபின் அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். இந்த மாண்டிசோரி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியும் 1939-இல் அடையாறுக்கு வந்தவர். போர்க்காலத்தில் ஐரோப்பா திரும்ப முடியாமல் கொடைக்கானலில் தங்கியபோதுதான், பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து, 6 முதல் 12 வயதுக்கான கல்வியில் பெரும்பகுதியை உருவாக்கினார். உங்கள் மகள் இருக்கும் அறைக்குக் கொடைக்கானல் பூர்வீகம் என்று சொன்னால் தப்பில்லை!

கட்டணம் கையைக் கடிக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளியையும் ஒரு நடை போய்ப் பாருங்கள். 2000-களில் செயல்வழிக் கற்றல் வந்தபோதே பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்து, அட்டையும் ஏணிப்படியும் பார்த்து அவரவர் வேகத்தில் படித்தார்கள். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். எல்லாப் பள்ளியிலும் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆசிரியரைப் பொறுத்தது. ஆனால் மூன்றாவது ஆண்டு முடிந்து மாறும்போது அதுவும் ஒரு வழி.

சரி, பள்ளி அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாண்டிசோரி என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம், தடுக்க ஆளில்லை. ஒரு நாள் காலை அனுமதி கேட்டு, ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். அனுமதி தரவே மாட்டோம் என்றால் அதுவே பாதிப் பதில். நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடித்து எல்லோரையும் ஒரே பாடத்துக்குத் திருப்பினால் அது வேறு பள்ளி. காலையில் இரண்டரை, மூன்று மணி நேரமாவது இடையூறு இல்லாத வேலை நேரம் இருக்க வேண்டும். அறையில் ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று எண்ணுங்கள். பெரியவர்கள் எல்லோரும் பாதியிலேயே கழன்றுகொண்டிருந்தால் உங்கள் மகள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வாள்? அப்புறம், ஆசிரியை எந்த வயதுக்குப் பயிற்சி பெற்றவர் என்று கேளுங்கள். 3 முதல் 6 வயதுக்கான பயிற்சி வேறு, 6 முதல் 12-க்கானது வேறு. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய பிள்ளைகளைச் சமாளிக்கும் பள்ளிகள் நிறைய. தேர்வு இல்லாத பள்ளியில் ஆசிரியையின் குறிப்பேடுதான் ரேங்க் கார்டு. மகள் பெயரில் போன மாதம் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். "நல்லா பண்றா" என்று மட்டும் வாயால் சொன்னால் எனக்குப் போதாது, உங்களுக்கும் போதக் கூடாது.

நீட், இன்ஜினீயரிங் பயத்துக்கு இவ்வளவுதான்: பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண். நீட் தனி நுழைவுத் தேர்வு. இரண்டிலும், மூன்றாம் வகுப்பில் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. கேட்கிற இடங்கள் வேறு, அவற்றை இப்போதே மனதில் வையுங்கள். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் உள்ள 7.5 சதவீத இட ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அந்த எண்ணம் இருந்தால் ஆறாம் வகுப்பில் சேர்த்தாக வேண்டும், ஏழில் சேர்த்துப் பயனில்லை. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை, 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று சான்று கேட்கிறது. உங்கள் பள்ளி ஆங்கிலவழி என்பதால் அது ஏற்கெனவே கை நழுவியது. இதை யாரும் ஒன்றாம் வகுப்பில் சொல்வதில்லை.

மாறுவதற்கு முந்தைய ஆண்டு, பள்ளி கொடுக்காததை வீட்டில் கொடுங்கள். தினம் பதினைந்து நிமிடம், கடிகாரம் வைத்து, பார்த்து எழுதும் பழக்கம். தமிழில் எழுதட்டும். ஆங்கிலவழி மாற்றுப் பள்ளிகளில் தமிழ் எழுத்து பலவீனமாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பில் தமிழ்த்தாள் உண்டு. வாய்ப்பாடும் கேளுங்கள். மணியில் புரிந்தவளுக்கு மனப்பாடம் கஷ்டமாக இருக்காது.

கடைசியாகக் காகித வேலை. பள்ளிக்கு ஐந்தாம் வகுப்பு வரை அங்கீகார ஆணை இருக்கிறதா, மகளுக்கு எமிஸ் எண் (கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத கற்றல் மையம் என்றால் டி.சி. கிடைக்காது. அப்போதும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம், ஆனால் அலைச்சல் இருக்கும். எமிஸில் பிறந்த தேதியும் பெயரின் முன்னெழுத்தும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாடத்தில் பின்தங்கி என்னிடம் வந்தவர்களை விட, முன்னெழுத்து மாறிப்போய் வந்தவர்கள்தான் அதிகம்.