இயக்குநரும் இசையமைப்பாளரும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

இயக்குநர்–இசையமைப்பாளர் கூட்டணிகள் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். பாதிக் கேள்விகள் ரசிகர்களுடையவை, மீதி குறும்படம் எடுக்கிற பிள்ளைகளுடையவை. ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: ராஜாவா ரகுமானா என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடையாது.

பாலக்கோடு: அக்கா, மணிரத்னமும் இளையராஜாவும் சேர்ந்து மொத்தம் எத்தனை படம்? நாங்க எண்ணினா ஏழுதான் வருது. பத்துன்னு சொல்றாங்களே?

தமிழில் மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். பகல் நிலவு, இதயக் கோவில், மௌன ராகம், நாயகன், அக்னி நட்சத்திரம், அஞ்சலி, தளபதி: இந்த ஏழும் சரி. கன்னடத்தில் பல்லவி அனுபல்லவி (1983), மலையாளத்தில் உணரூ (1984), தெலுங்கில் கீதாஞ்சலி (1989) சேர்த்தால் பத்து. தளபதி 1991. அடுத்த வருடமே ரோஜா, ரகுமான்.

காவேரிப்பட்டணம்: 12 நிமிடக் குறும்படம். எடிட் முடிஞ்சிருச்சு. ஒரு பெரிய படத்தோட பி.ஜி.எம். போட்டுத்தான் வெட்டினோம், நல்லா பொருந்தியிருக்கு. மியூசிக் பண்ற நண்பனுக்கு இதை அப்படியே அனுப்பலாமா?

வேண்டாம். கடன் வாங்கிய இசைக்கு வெட்டினால் காட்சியின் நீளம், மூச்சு விடுகிற இடம் எல்லாம் அந்த இசைக்கு ஏற்பத்தான் அமையும். அப்புறம் நண்பன் என்ன போட்டாலும் "அது மாதிரி இல்லையே" என்றுதான் உங்கள் காது சொல்லும். பாவம், அவனும் கடைசியில் அதையே இரண்டு சுரம் மாற்றிக் கொடுப்பான். உலகத்தில் பெரிய ஆளே இதில் மாட்டியிருக்கிறார். 1968-இல் வந்த விண்வெளிப் படத்துக்கு ஸ்டான்லி குப்ரிக் தற்காலிகமாகப் போட்டு வைத்த பழைய சிம்பொனி இசையோடு பழகிவிட்டார். அலெக்ஸ் நார்த் எழுதி ஒலிப்பதிவு செய்த இசை அப்படியே ஓரங்கட்டப்பட்டது.

இப்படிச் செய்யுங்கள். அந்த இசையை எடுத்துவிட்டு மௌனமாக ஒருமுறை பாருங்கள். தொய்கிற இடத்தை எடிட்டிலேயே சரி செய்யுங்கள், இசை வந்து தூக்கும் என்று விடாதீர்கள். பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இசை எங்கே வேண்டும் என்று பட்டியல் போடுங்கள். பட்டியலில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, ஏன். உதாரணமாக: "03.12, அம்மா கடிதத்தை மடிக்கிறாள், ஆரம்பம். 03.58, கதவுச் சத்தம், நிறுத்து. காரணம்: அவளுக்குத் தெரிந்தது மகனுக்கு இன்னும் தெரியாது." 'சோகமா ஒரு வயலின்' என்று எழுதாதீர்கள். என்ன வாத்தியம் என்பது அவன் வேலை, ஏன் என்பது உங்கள் வேலை.

அனுப்பும் வீடியோவில் டைம்கோடு (ஓடும் நேரத்தைக் காட்டும் எண்) திரையிலேயே தெரியட்டும். வசனம் இடது பக்கம், மற்றச் சத்தங்கள் வலது பக்கம் என்று பிரித்து அனுப்பினால், எதை மறைக்கக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். முதல் ஃபிரேமுக்குச் சரியாக 2 விநாடி முன்னால் ஒரு 'பீப்' வையுங்கள், திரும்பி வரும் இசையைப் பொருத்த அது உதவும். இனி மாற்றமில்லை என்று எடிட்டைப் பூட்டிய பிறகே அனுப்புங்கள்; அதன்பின் ஒரு விநாடி வெட்டினாலும் அவனிடம் சொல்ல வேண்டும்.

பலரும் தவறும் இடம் ஃபிரேம் எண்ணிக்கை. படம் விநாடிக்கு 24 ஃபிரேமில் இருக்க, அவன் மென்பொருள் 25 என்று எடுத்துக்கொண்டால் பத்து நிமிடப் படம் அவனிடம் 9 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும். கடைசிக் காட்சியில் இசை 24 விநாடி முந்தும். ஒலியைப் பதியும் சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். 44.1-இல் பதிந்ததை 48 என்று நினைத்து ஓட்டினால் வேகமும் கூடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். இசையைத் தாளம், தந்தி, குரல் என்று தனித்தனியாக வாங்குங்கள். வசனம் அமுங்கினால் தாளத்தை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

ஓசூர்: ஒரே ஆளோடயே திரும்பத் திரும்ப வேலை செய்யறது சோம்பேறித்தனம் இல்லையா மேடம்?

சில சமயம் ஆம். ஆனால் தளபதியைப் பாருங்கள். சரக்கு ரயிலில் குழந்தையை விட்டுவிடுகிற தாய், 'சின்னத்தாயவள்' பாட்டு. பாட்டு முடிந்தாலும் அந்த மெட்டு முடிவதில்லை. தாயும் மகனும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே கோவிலில் நிற்கும்போது தூரத்தில் ரயில் கூவுகிறது, இருவருமே கலங்குகிறார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு வார்த்தை வசனம் தேவைப்படவில்லை. கேமரா, நடிப்பு, ரயில் சத்தம், மெட்டு நான்கும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும் என்றால், வசனம் எழுத வேண்டிய இடத்தை இசைக்கு விட்டுக்கொடுக்கிற துணிச்சல் இயக்குநருக்கு இருக்க வேண்டும். அந்தத் துணிச்சல் முதல் படத்தில் வராது. இது அவர்களின் பத்தாவது படம். நாயகனிலும் 'தென்பாண்டிச் சீமையிலே' படம் முழுக்கத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறையும் அதன் பொருள் வேறு.

பென்னாகரம்: ராஜாவா ரகுமானா? ஒரே வார்த்தையில்.

மேலே பார்க்கவும்.

அரூர்: பாரதிராஜா ராஜாவை விட்டுப் பிரிஞ்சதோட அவர் கதை முடிஞ்சிருச்சு. உங்க கருத்து?

1977-இல் 16 வயதினிலே தொடங்கி 1986-இல் கடலோரக் கவிதைகள் வரை அந்தக் கூட்டணி கொடுத்ததற்கு ஈடு சொல்வது கஷ்டம்தான். ஆனால் 'முடிந்தது' என்பது உண்மையில்லை. கிழக்குச் சீமையிலே (1993), கருத்தம்மா (1994) இரண்டும் ரகுமான். ரோஜாவுக்குப் பிறகு 'இவருக்குக் கம்ப்யூட்டர் இசைதான் வரும்' என்றவர்களுக்குக் கிராமத்து மெட்டில் பதில் சொல்ல வைத்தவரே பாரதிராஜாதான். 'போறாளே பொன்னுத்தாயி' பாடிய ஸ்வர்ணலதாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

மொரப்பூர்: அரூர்க்காரர் வேதம் புதிது பார்க்கலை போலிருக்கு. 1987, தேவேந்திரன் இசை. 'கண்ணுக்குள் நூறு நிலவா' கேட்டுட்டு வந்து பேசச் சொல்லுங்க.

அரூர்: பார்த்தாச்சுங்க. பாட்டு நல்லாத்தான் இருக்கு. பின்னணி இசையில முதல் மரியாதை பக்கத்துல நிக்குமா? அதுவுமில்லாம 1990-ல என் உயிர்த் தோழனுக்கு ராஜாகிட்டதானே திரும்பிப் போனாரு?

இப்போதுதான் அரூர் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. திரும்பிப் போனதும் உண்மை: என் உயிர்த் தோழன், புது நெல்லு புது நாத்து, நாடோடித் தென்றல் மூன்றும் ராஜா. பின்னணி இசை பற்றிச் சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன். நல்ல பாட்டை யாரும் யாருக்கும் போட்டுக் கொடுக்கலாம். ஐந்து பாட்டு ஹிட்டானதால் மட்டும் அது கூட்டணி ஆகிவிடாது. கூட்டணி தெரிவது ஆர்.ஆரில், அதாவது படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கும் ரீ-ரெக்கார்டிங்கில். அந்தக் காலத்தில் 1,000 அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம். ரீலைப் பார்த்துவிட்டு அங்கேயே நொட்டேஷன் எழுதி வாசிக்க வைப்பது ராஜாவின் முறை. இயக்குநர் விளக்கம் சொல்ல நேரமே இருக்காது. சொல்லாமலே புரிய வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஆசையா? ஒரு படத்தைப் பாட்டுகளைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். இசை எங்கே வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். மகேந்திரன்–இளையராஜா படங்களில் உதிரிப்பூக்களிலிருந்து (1979) தொடங்கலாம். பாலு மகேந்திராவின் வீடு படத்தில் பாட்டே இல்லை. ராஜாவின் தனி ஆல்பத்திலிருந்து எடுத்த இசைதான் அதில் பின்னணி.

மொரப்பூர்: அப்போ நான் சொன்னது தப்பா?

இல்லை. நீங்கள் பாட்டைப் பற்றிச் சொன்னீர்கள், அவர் படத்தைப் பற்றிச் சொன்னார். இரண்டு பேரும் இத்தோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஊத்தங்கரை: அக்கா, ஒரு ஹாலிவுட் தீம் ரெஃபரன்ஸா போட்டு…

காவேரிப்பட்டணத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தேன்கனிக்கோட்டை: எங்க படத்துக்கு ஊர்ப் பறைக் கலைஞர்களை வெச்சு நேரடியா பதிவு பண்ணப்போறோம். மொபைல்ல எடுத்தா அடி விழும்போதெல்லாம் உடையுது.

மொபைல் தானாகவே ஒலியளவை ஏற்றி இறக்கும். அடி விழுந்ததும் அமுக்கி, அடுத்த நொடி தூக்கும். அதுதான் அந்த 'உடைவு'. ஒரு சிறிய ரெக்கார்டர் வாடகைக்கு எடுத்து, தானியங்கி அளவை அணைத்து, 24 பிட்டில், மிகப் பலமான அடியே ரெக்கார்டர் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ஒத்திகையில் யாரும் முழு பலத்தில் அடிக்க மாட்டார்கள் என்பதால் இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள். மைக் மூன்று நான்கு அடி தள்ளி, தோலுக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக இருக்கட்டும். தகரக் கூரை, வெறுஞ்சுவர் அறை வேண்டாம். திறந்த களமே மேல்.

முக்கியமானது: பறையைத் தீயில் காய்ச்சித்தான் தோலை விறைப்பாக்குவார்கள். ஆற ஆறச் சுருதி இறங்கும். காலையில் எடுத்ததையும் அரை மணி கழித்து எடுத்ததையும் ஒட்டினால் ஒட்டு தெரியும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் காய்ச்ச நேரம் கொடுங்கள். கலைஞர்களை அவசரப்படுத்தாதீர்கள். கூலியையும் முன்கூட்டியே பேசுங்கள்.

பர்கூர்: எல்லாப் பெரிய ஜோடியும் சண்டையிலதான் முடியுமா?

ஹிட்ச்காக்–பெர்னார்ட் ஹெர்மன் அப்படித்தான் முடிந்தது. சைக்கோ (1960) குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றார் ஹிட்ச்காக். ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிக் காட்டி அவர் மனதை மாற்றினார். ஆறு வருடம் கழித்து இன்னொரு படத்தில் அதே மாதிரி சொன்னதை மீறி எழுதியபோது மனம் மாறவில்லை, உறவு அறுந்தது. ஸ்பீல்பெர்க்–ஜான் வில்லியம்ஸ் 1974-இல் தொடங்கி 2022 வரை வந்திருக்கிறார்கள். இடையில் ஸ்பீல்பெர்க் சில படங்களை வேறு ஆட்களோடு செய்தார், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் கௌதம் மேனன்–ஹாரிஸ் ஜெயராஜ்: மின்னலே (2001) முதல் வாரணம் ஆயிரம் (2008) வரை, பிறகு இடைவெளி, 2015-இல் என்னை அறிந்தால்.

ஓசூர் (வேறொருவர்): ரவிச்சந்திரன்–ஹம்சலேகா பத்தி ஒரு வார்த்தை கூட இல்லையே. எல்லையில இருக்கறவங்க நாங்க ரெண்டு பக்கமும் கேட்கறோம்.

நியாயம். கன்னடத்தில் ரவிச்சந்திரன் இயக்கிய பிரேமலோகா (1987) படத்தில் மெட்டு, வரி இரண்டுமே ஹம்சலேகா. அந்த இரண்டும் ஒரே கையில் இருப்பதால் சந்தம் எங்கும் தட்டுவதில்லை. பாரதிராஜா சண்டையில் இதை யாரும் எடுக்காதது ஆச்சரியம்: பாரதிராஜாவின் கொடி பறக்குது (1988) படத்துக்கு இசை ஹம்சலேகாதான்.

பென்னாகரம்: ஒகேனக்கல்ல பரிசல் காட்சி எடுத்தோம். அருவிச் சத்தத்துல புல்லாங்குழல் காணாமப் போகுது.

போகத்தான் செய்யும். அருவி எல்லா அலைவரிசையையும் நிரப்பிவிடும். இசையை உயர்த்தினால் இரைச்சல்தான் கூடும். வசனத்தை டப்பிங்கில் பேச வைத்து, அருவியைத் தனியாக ஒரு நிமிடம் பதிந்து, வேண்டிய அளவு குறைத்துப் போடுங்கள். இல்லையென்றால் அங்கே இசையை விட்டுவிடுங்கள். பரிசல் கரை ஏறி, சத்தம் அடங்கியதும் குழல் வரட்டும்.

பாப்பிரெட்டிப்பட்டி: இசையமைப்பாளரோட ஒப்பந்தம் எப்படி எழுதணும்?

வக்கீலைக் கேளுங்கள். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்: யூடியூப், விழா, பாட்டைத் தனியாக விற்பது மூன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். நண்பன் என்பதால் விட்டுவிடாதீர்கள்.

பென்னாகரம் (முதலில் கேட்டவர்): சரி, ரகுமானா ராஜாவா?

வரிசையை மாற்றிக் கேட்டாலும் இல்லை தம்பி.

கிருஷ்ணகிரி: துரத்தல் காட்சியில ஷாட் மாறுறதும் தாளமும் முதல்ல சேருது, போகப் போக விலகுது.

உங்கள் தாளம் நிமிடத்துக்கு 100 அடியா? 24 ஃபிரேம் படத்தில் நிமிடத்துக்கு 1,440 ஃபிரேம். 100-ஆல் வகுத்தால் ஓர் அடிக்கு 14.4 வருகிறது. ஃபிரேமைப் பாதியில் வெட்ட முடியாதே. அடிக்கு 14 ஃபிரேம் என்று வெட்டிக்கொண்டே போனால் பத்து அடியில் 4 ஃபிரேம் விலகியிருக்கும். 120 வைத்தால் சரியாக 12 ஃபிரேம், 96 என்றால் 15, 90 என்றால் 16. படம் 25-இல் இருந்தால் மொத்தம் 1,500. அங்கே 100 சரியாக 15-இல் விழும், 120 விழாது. ஒவ்வொரு அடியிலும் வெட்டாமல் நான்குக்கு ஒன்று வெட்டுங்கள், ஒன்றிரண்டை இரண்டு ஃபிரேம் முன்னால் தள்ளுங்கள். எல்லாம் அடியிலேயே விழுந்தால் துரத்தல் காட்சி நடனக் காட்சி ஆகிவிடும்.