கொரோனாவுக்குப் பிந்தைய கடன் கணக்குகள்: கேள்வி பதில்

(கோவையில் வங்கிக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவரின் பதில்கள்)

சோமனூர், விசைத்தறி: ஐயா, 2020-ல் ஆறு மாதம் தவணை வேண்டாம் என்றார்கள். அதற்கும் வட்டி ஏறியிருக்கிறதே?

ஏறும்ங்க. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளித்தான் வைத்தார்கள், வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பழைய ஸ்டேட்மென்டை எடுத்து, அப்படிப் பிடித்த தொகை திரும்ப வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஈரோடு, வங்கி அதிகாரி: சார், 2020 மார்ச்சில் வங்கிகள் கொடுத்த கடனில் 8.5 சதவீதமாக இருந்த வாராக்கடன் (90 நாளுக்கு மேல் தவணை நின்ற கடன்) ஒரே வருடத்தில் 12.5 ஆகலாம் என்று ரிசர்வ் வங்கி கணித்தது. ஆகவில்லை. பயம் தேவையில்லாததுதானே?

இல்லை தம்பி. 2021 மார்ச்சில் 7.5 சதவீதத்தை ஒட்டி நின்றது உண்மை. அதற்குத் தவணைத் தள்ளிவைப்பு, கடன் மறுசீரமைப்பு (தவணையையும் காலத்தையும் மாற்றிக் கொடுப்பது), அவசரக் கடன் எல்லாமே முட்டுக் கொடுத்தன. அவசரக் கடன் என்றால், 2020 பிப்ரவரியில் இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம் வரை புதுக் கடன், தனி அடமானம் இல்லாமல், அரசின் முழு உத்தரவாதத்தோடு.

திருப்பூரில் ஒரு பனியன் ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும்) யூனிட்டைப் பார்த்தேன். தவணை ஒருநாள்கூடப் பிந்தவில்லை. கரண்ட் பில் மட்டும் பாதியாக இருந்தது. விசாரித்தால், அவசரக் கடன் பணத்தில் பழைய தவணையைக் கட்டியிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. தொழிலை விடக்கூடாது என்ற தவிப்பு அது. ஆனால் அதைக் கண்டுபிடிக்காத அதிகாரி மேல் கோபம் வந்தது. தவணைத் தேதியை மட்டும் பார்க்காதீர்கள். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், கரண்ட் பில், பி.எஃப். கட்டும் ஆட்களின் எண்ணிக்கை, கணக்கில் வந்துபோகும் விற்பனைப் பணம், நாலையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், உங்கள் கிளையில் பத்து யூனிட்டுக்குக் கடன் இருக்கலாம். பத்தும் ஒரே ஏற்றுமதியாளரை நம்பி ஓடினால் உங்களுக்கு இருப்பது ஒரே கடன்தான். காங்கேயத்துத் தோட்டப் பத்திரம் கையில் இருப்பதால் தைரியமாக இருக்காதீர்கள், அதை விற்றுப் பணமாக்க வருடக்கணக்கில் ஆகும்.

கரூர்: மச்சானுக்கு ஜாமீன் போட்டேன். அவர் கட்டாவிட்டால் என் சிபில் (கடன் மதிப்பெண்) குறையுமா?

குறையும்ங்க.

நாமக்கல், லாரி: இரண்டு தவணை நிற்கிறது. மூன்றாவதோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம்ங்க. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அப்புறம் தவணை நிலுவை மொத்தத்தையும் கட்டினால்தான் கணக்கு சீராகும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இப்போது ஒரு தவணை கட்டினாலும் அது பழைய பாக்கிக்குத்தான் முதலில் போகும், நாள் கணக்கு குறையும். லோடு கணக்கு, டீசல் பில்லோடு இந்த வாரமே மேனேஜரைப் பாருங்கள்.